வெறும் பீங்கான்

கல்முனை
5.12.1978

அன்புள்ள எஸ்தர்,

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று சல்மா உம்மா நம் வாசலில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நினைவிருக்கிறதா? நெய்ச்சோறும் இறைச்சியும் நிறைந்த பீங்கானை உன் கையில் தந்துவிட்டு, "மாஸ்டர், எங்களுக்கு இந்தப் பெருநாள் எண்டா அறுத்துப் பங்குவெக்கிற குர்பான். ஒங்கட நத்தாருக்கு எது இல்லாட்டி அது நத்தாரில்ல?" என்றார். வகுப்பில் காலமெல்லாம் கேள்வி கேட்டே பென்சன் எடுத்தவன் நான். இயேசு பிறப்பு ஆராதனையைச் சொல்வதா, கேக்கைச் சொல்வதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பீங்கானோடு உள்ளே போன நீ குசினி அடுப்படியிலிருந்து பதில் சொன்னாய்: "பீங்கான் போகாட்டி நத்தாரில்ல, சல்மா."

அந்தப் பதிலை நான் மறந்தது உண்மை. மறந்ததற்குக் காரணம் புயல்.

நீ கோபத்தோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் பேசி முடிக்கவில்லை. இப்போதாவது கேள். ஒரு உதாரணம் சொல்கிறேன். அடுத்த வீட்டுக்காரனின் குடை நம் வீட்டில் இருக்கிறது. மழை வந்துவிட்டது. அவன் நனைகிறான். அவனுக்குக் குடையோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நாம் குடையை வைத்துக்கொண்டிருக்கலாமா? பெருநாளுக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்த மூன்று பீங்கான்களும் நம் அலுமாரியில் கீறல் இல்லாமல் இருந்தன. அப்துல் ஹமீட் வீட்டில் பிஸ்கட் தகரத்தின் மூடியில் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். அச்சிமுகம்மது வீட்டில் சிரட்டையில் கஞ்சி. சல்மா உம்மாவின் குசினிச் சுவரே இல்லை. நத்தார் வரட்டும், பலகாரத்தோடு திருப்பிக் கொடுப்போம் என்று அவற்றைப் பூட்டி வைத்திருக்க என் மனம் ஒப்பவில்லை. கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவுதான்.

கூரைக்குத் தற்காலிகமாகத் தார்ப்பாய்ப் படங்கு கட்டியிருக்கிறேன். காற்று வந்தால் அது அடித்துக்கொள்கிறது. ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வேலிக்குப் போகிறேன், வேலி இல்லை. திரும்பி வருகிறேன். கோயிலுக்கும் கூரை இல்லை, ஆனாலும் நத்தார் ஆராதனை உண்டு என்று போதகர் சொன்னார். அதற்குள் வந்துவிடு. ரூத்துக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்.

அழகரெத்தினம்

பதுளை
9.12.1978

அன்புள்ள மாஸ்டருக்கு,

ஊர் முழுக்கக் கூப்பிடுகிற மாதிரியே நானும் எழுதுகிறேன். உங்கள் குடையும் வாழைப்பழமும் கிடைத்தன. இனி எனக்கு உதாரணம் எழுதாதீர்கள். நான் உங்கள் வகுப்பில் படித்தவள் இல்லை.

கொடுத்தது மட்டுமா குற்றம்? கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள் என்பதை ஏன் எழுதாமல் விட்டீர்கள்? ஒழுங்கையில், நடுத்தெருவில் நின்று, பள்ளிக்கூடத்தில் லீவு அறிவிக்கிற மாதிரி, "இந்த முறை எங்களுக்கு நத்தார் இல்லை, ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம்" என்று சொன்னீர்கள். நான் கிணற்றடியில் நின்று கேட்டேன். அப்துல் ஹமீட்டின் பெண்சாதி அஸீஸா அந்த வெறும் பீங்கானை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்த ஒழுங்கைக்குக் கலியாணம் முடித்து வந்தபோது நாம் ஒரு வீடுதான் வேதக்காரர். முதல் நத்தாருக்கு நான் அனுப்பிய பலகாரத்தை அச்சிமுகம்மதுவின் உம்மா கோழிக்குப் போட்டதை மதிலுக்கு மேலால் கண்டேன். அழுதேன். நீங்கள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தீர்கள். அடுத்த வருடம் அந்த வீடுகளுக்கென்று தனியாக ஒரு தாச்சி வாங்கினேன். அவர்களுக்கு விலக்கான எதுவும் பட்டுவிடாமல், அதில் இன்றுவரை வேறொன்றும் பொரித்ததில்லை. கேக்குக்கும் அப்படித்தான். நமக்கு பிராண்டி ஊற்றினால் அவர்களுக்கு ஊற்றாமல் வேறாகப் போடுவேன். இதையெல்லாம் நான் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் வருடம் அந்த மனுசி என் கண் முன்னால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டா. "எஸ்தர்ர கைக்கு ஈமான் இரிக்கி" என்று சொன்னா. என் கையை நம்பலாம் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் ஒவ்வொரு வருடமும் பீங்கானை நிறைத்தேன். நீங்கள் ஒரு மத்தியானத்தில் வெறுமையாக்கிவிட்டீர்கள்.

இங்கே ரூத் கடையில் கேக் சொல்லி வைத்திருக்கிறாள். நல்ல கேக்தானாம். அதை யாருக்கு அனுப்புவது என்று கேட்டேன். "ஏனம்மா அனுப்ப வேணும், நாமதானே சாப்பிடுறது" என்கிறாள். நாள் முழுக்க ஜன்னலுக்கும் கேற்றுக்கும் நடக்கிறேன். குளிருக்கு நடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் வரவில்லை. அந்த ஒழுங்கையில் என்னால் தலை நிமிர்த்தி நடக்க ஏலாது. தாச்சி புயலுக்குத் தப்பியதா என்று மட்டும் பாருங்கள். குசினிப் பரணில் சாக்கில் சுற்றி வைத்தது.

எஸ்தர்

கல்முனை
13.12.1978

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். லீவு அறிவித்த மாதிரி என்று எழுதியிருந்தாய். அப்படித்தான் இருந்திருக்கும். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே விஷயம் அதோடு நிற்கவில்லை. எனக்கு உன் யோசனை வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலால் வந்து சேர்ட்டைக் கழற்றவில்லை, சல்மா உம்மா முற்றத்தில் நிற்கிறார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. "மாஸ்டர், நான் நாலஞ்சு நாளா யோசிச்ச. வெறும் பீங்கான் ஒரு வீட்டுக்குப் போறெண்டா ரெண்டு காரணந்தான். ஒண்டு கோவம். மத்தது பசி. ஒங்களுக்கு எங்களோட என்ன கோவம்?"

"கோபம் ஒன்றுமில்லை," என்றேன்.

"அப்ப பசி," என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னால் போய் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை மட்டும் அசைத்தார். வகுப்பில் பிள்ளைகள் விளக்கம் சொல்ல எழும்பினால் நான் காட்டுகிற அதே கை.

பின்னேரம் அதே நீலக்கரைப் பீங்கானில் சோறும் மீன் ஆணமும் வந்தன. மறுநாள் அச்சிமுகம்மது ஒரு சாக்குத் தேங்காய் கொண்டு வந்து போட்டார். விழுந்த தேங்காய்கள் ஊரெல்லாம் கிடக்கின்றன, அதனால் பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன். அதற்கு மறுநாள் அப்துல் ஹமீட் வந்தார். பீங்கான் நிறைய அரிசி.

எஸ்தர், அவருடைய மாவடிப்பள்ளி வயல் தண்ணீருக்குள் கிடக்கிறது. வீட்டில் ஏழு வாய். எனக்கோ மாதம் பிறந்தால் பென்சன் வரும், சிறிதோ பெரிதோ. இந்த அரிசியை நான் எப்படி வாங்குவது? "தம்பி, இது உங்களுக்குத்தான் தேவை, கொண்டு போங்க" என்று அன்பாகத்தான் சொன்னேன். அவர் பீங்கானைத் தூக்கிக்கொண்டு போனார்.

இன்று காலை சந்தையில் கண்டேன். தலை அசைத்தேன். அவர் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கத்தரிக்காயில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றுமில்லை.

சரியானதைச் செய்யச் செய்யப் பிழையாகிக்கொண்டு போகிறது. கணக்கில் வழி எல்லாம் சரியாக இருந்து விடை மட்டும் பிழைத்தால், கேள்வியைத்தான் திரும்ப வாசிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உதாரணம் எழுதாதே என்றாய். வந்துவிட்டது, மன்னித்துக்கொள். நான் என்ன செய்ய வேண்டும், எழுது.

அழகரெத்தினம்

பதுளை
17.12.1978

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை வாசித்து ரூத் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஹமீட் காக்கா கத்தரிக்காயைப் பார்த்தாராம். ஓம், பார்ப்பார். அவருடைய வாப்பா மௌத்தாகி அடக்கம் முடிந்தபோது நாம் அனுப்பிய கஞ்சியை அவர் திருப்பி அனுப்பியிருந்தால் நீங்கள் எந்தக் காயைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்?

உங்களுக்குக் கொடுக்கத் தெரியும். வாங்கத் தெரியாது. நீங்கள் திருப்பினது அரிசியை அல்ல. "உன்னிடம் ஒன்றுமில்லை, நீ கொடுக்கிற ஆளில்லை" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. புயல் அவருடைய வயலைத்தான் எடுத்தது. நீங்கள் மிச்சத்தையும் எடுத்துவிட்டீர்கள்.

போய்க் கேளுங்கள். அரிசியைத் தரச் சொல்லிக் கேளுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே கேளுங்கள்.

பிறகு கேளுங்கள், சொல்கிறேன். காசு செலவில்லாத நத்தார் ஒன்று உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. அச்சிமுகம்மதுவின் தேங்காயில் பாதியைக் காயவைத்தால் எண்ணெய். மற்றப் பாதியில் பால். ஹமீட் காக்காவின் அரிசியை ஊறவைத்து இடிப்பித்தால் மா. முட்டை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை, கூப்பன் சீனி கொஞ்சம். அச்சுப் பலகாரத்துக்கு வேறென்ன வேண்டும்? பிளம்ஸும் கஜூவும் கேட்கிறது கேக்தான், பலகாரம் கேட்காது. அச்சு மேசை லாச்சியில் பழைய துணியில் சுற்றி இருக்கிறது. பூ மாதிரி இருப்பது அதுதான், அதைக் கொண்டு ஆணி அடிக்க வேண்டாம்.

பரணில் இருக்கும் தாச்சியில்தான் பொரிக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள். தாச்சி தப்பியதா என்று கேட்டேன், நீங்கள் பதில் எழுதவில்லை.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு நான் யோசிக்கிறேன், நீங்கள் நெருப்பு மூட்டத் தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பீர்கள். நிற்க வேண்டியதுதான்.

எஸ்தர்

கல்முனை
21.12.1978

அன்புள்ள எஸ்தர்,

தாச்சியைப் பற்றி எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. இன்று எழுதிவிடுகிறேன்.

புயலுக்கு மறுநாள் கோயில் வளவில் நிவாரணச் சமையல் நடந்தது. பெரிய பாத்திரம் வேண்டும் என்று இளைஞர்கள் வீடு வீடாக வந்தார்கள். சரிந்த பரணில் சாக்குச் சுற்றிய தாச்சி கிடந்தது. கொடுத்தேன். நீ அப்போது ரூத்துக்குத் தந்தி அடிக்க வழி தேடிப் போயிருந்தாய். அதில் என்னென்ன சமைத்தார்கள் என்று நேற்றுப் போய் விசாரித்தேன். லேபல் கழன்ற இறைச்சி டின்கள் வந்ததாம், என்ன இறைச்சி என்று ஒருவருக்கும் தெரியாதாம். எல்லாம் இந்தத் தாச்சியில்தான்.

சாம்பல் போட்டு மூன்று தரம் விளக்கினேன். பளபளவென்று இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாருக்கும் சொல்லாமல் பொரித்து அனுப்பிவிடலாம். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள், உன் கையை நம்பி உண்பார்கள். அந்த நம்பிக்கையில் என் கையை வைக்கப் பயந்தேன்.

முதலில் ஹமீட் வீட்டுக்குப் போனேன். வாசல் படலையில் நின்று, "தம்பி, உங்கட அரிசியைக் கேட்டு வந்திருக்கிறன்" என்றேன். அவர் எழும்பி வந்தார். "மாஸ்டர், அந்த அரிசி கஞ்சியாப் போய் நாலு நாளாச்சி. ஒங்கட பாடம் நடத்தி முடியுமட்டும் அரிசி காத்துக்கிட்டு இரிக்குமா?" என்றார். உள்ளே அஸீஸா சிரிப்பது கேட்டது. பிறகு அவரே, "நெல்லு இரிக்கி. நனைஞ்ச நெல்லுதான், காயப்போட்டிரிக்கன். குத்தித் தாறன். இன்னொருக்கா வேணாமெண்டு சொன்னா ஒங்கட வீட்டுப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டன்" என்றார். வேண்டும் என்றேன்.

அங்கிருந்து சல்மா உம்மாவிடம் போய்த் தாச்சியின் கதையை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தவில்லை.

"எஸ்தர் அக்கா அந்தத் தாச்சியத் தனியா வெச்சிரிக்கிற எங்களுக்குத் தெரியும். மறுகாப் புதுசு வாங்கும் வரைக்கும் என்ன செய்யப் போறீங்க?"

"அதுதான் தெரியவில்லை."

"என்ட தாச்சி இரிக்கி. என்ட முத்தமும் இரிக்கி. குசினிதான் இல்ல. வெள்ளாப்போட எண்ணெயக் கொண்டு வாங்க."

ஆகவே நத்தார்ப் பலகாரம் சனிக்கிழமை விடியற்காலை சல்மா உம்மாவின் முற்றத்தில். இப்படி ஒன்று இந்த ஒழுங்கையில் நடந்ததில்லை. சரியா பிழையா என்று உன்னைக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன். பதுளையிலிருந்து அம்பாறைக்கு பஸ் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். இந்தக் கடிதம் உனக்கு முந்துமா, நீ இதற்கு முந்துவாயா தெரியாது. வா.

அழகரெத்தினம்

பதுளை
24.12.1978

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. வாசித்த கையோடு சீலைகளைப் பெட்டியில் போட்டேன். மருமகன் இன்று காலை என்னை பஸ் நிலையத்தில் விட்டுவிட்டுப் போனார். ரூத் கடைக் கேக்கில் பாதியை வெட்டிச் சுற்றித் தந்திருந்தாள்.

பஸ் வர நேரம் இருந்தது. பார்சலை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது வாசம் வந்தது. பிராண்டி. கடைக்காரன் தாராளமாக ஊற்றியிருக்கிறான். இதைக் கொண்டுபோய் நான் எந்த வீட்டுப் படலையைத் திறப்பது? பக்கத்தில் இருந்த ஒரு கிழவனிடம் கொடுத்தேன். அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

பிறகு பார்த்தால் என் கையில் ஒன்றுமில்லை. அம்பாறை பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். கொண்டக்டர், "அம்மே, நகின்ன" என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டான். என்னால் எழும்ப முடியவில்லை. தேங்காய் அச்சிமுகம்மதுவுடையது. அரிசி ஹமீட் காக்காவுடையது. தாச்சி சல்மாவுடையது. நான் அந்த ஒழுங்கைக்குள் எதைக் கொண்டு இறங்குவது? கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து நான் ஒரு நாளும் வெறுங்கையோடு யாருடைய வீட்டுக்கும் போனதில்லை. பஸ் போய்விட்டது. நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

ரூத் என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். அவிழ்க்காமல் கட்டிலடியில் தள்ளினாள்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். பலகாரம் அச்சிலிருந்து கழன்றதா? நாளைக்கு யார் கொண்டுபோய்க் கொடுக்கப்போவது? அஸீஸா வாங்கும்போது முகம் எப்படி இருக்கும்? இந்த முறையாவது பார்த்து எழுதுங்கள்.

எஸ்தர்

கல்முனை
28.12.1978

அன்புள்ள எஸ்தர்,

இருபத்துநாலாம் திகதி இருட்டும்வரை பஸ் நிலையத்தில் நின்றேன். அம்பாறை பஸ் ஒவ்வொன்றும் நிற்கும்போது மிதிபலகையைப் பார்த்தேன். இன்று உன் கடிதம் வந்த பிறகுதான், நான் இங்கே நின்ற அதே நாளில் நீ அங்கே இருந்து எழும்பாமல் விட்டாய் என்று தெரிந்தது.

நீ கேட்டவற்றுக்கு வரிசையாகச் சொல்கிறேன். முதல் பலகாரம் கழலவில்லை. இரண்டாவதும் இல்லை. சூடான அச்சை மாவுக்குள் முழுதாக அமிழ்த்திவிட்டேன். சல்மா உம்மா அகப்பையால் என் கையில் தட்டினார். "விளிம்பு முங்கப்படாது, மாஸ்டர். பலகாரத்துக்கு என்ன, ஞானஸ்நானமா குடுக்கிறீங்க?" ஹமீட் கிணற்றுக் கட்டில் இருந்து சிரித்த சிரிப்பு பள்ளிவாசல் வரை கேட்டிருக்கும். மூன்றாவது கழன்றது. ஒரு பக்கம் கருகல். அதை அச்சிமுகம்மது உடைத்து, ஒரு பாதியை என்னிடம் தந்து, மறு பாதியைத் தான் தின்றார். கோழிக்குப் போடவில்லை.

நத்தாரன்று ஆராதனையின் நடுவில் மழை தூறியது. போதகர் நனைந்துகொண்டே ஆசீர்வாதம் சொன்னார். வந்து பீங்கான்களை நானே கொண்டுபோனேன். அஸீஸாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பீங்கானைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "எஸ்தர் ராத்தா எங்க?" என்றார். அச்சிமுகம்மது வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். பலகாரத்தை வாங்கி வைத்துவிட்டு எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள்.

சல்மா உம்மா வேறொன்று கேட்டார். அதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் கடிதத்தைக் கண்டபின் எழுதியே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

"மாஸ்டர், இத்தின வருசமா அடுத்தடுத்த வீடு. எஸ்தர் அக்கா ஒரு நாளாவது உப்பில்ல, கொச்சிக்காயில்ல, ஒரு கை தா சல்மா எண்டு என்ட படலையத் தொறந்திரிக்காவா? நாங்க குடுத்தா மறுகா அது நெறைஞ்சி வரும். கடன் வெக்கவே மாட்டா. நான் ஒங்கட வீட்டுக்கு எத்தின தரம் நெருப்புக் கேட்டு வந்திரிக்கன். அவ வந்ததில்ல. எனக்கு அது ஒரு மனக்குறைதான்."

எனக்கு வாங்கத் தெரியாது என்று நீ எழுதினாய். உண்மை. நான் அரிசியை உடனே திருப்பினேன், நீ நத்தார் வரை வைத்திருந்து திருப்பினாய். அவ்வளவுதான் வித்தியாசம், எஸ்தர். இருவரும் ஒரே வகுப்பில்தான் இருந்திருக்கிறோம். கடைசி வாங்குப் பலகையில்.

சல்மா உம்மாவின் நீலக்கரைப் பீங்கான் திரும்பவும் நம் மேசையில் இருக்கிறது. அதில் அவர் உனக்கென்று எடுத்து வைத்த பலகாரம் ஐந்தாறு, எறும்பு வராமல் தண்ணீர்த் தட்டில் வைத்திருக்கிறேன். நமத்துப்போகும். போகட்டும்.

பெட்டியை அவிழ்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். அப்படியே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறு. பதுளையில் ஒன்றும் வாங்காதே. இங்கே இறங்கியதும் நேரே நம் வீட்டுக்கு வராதே. வெறுங்கையோடு சல்மா உம்மாவின் படலையைத் திறந்து, அவரிடம் ஒரு கை உப்புக் கேள்.

அழகரெத்தினம்